காபி வருகிற திசை

காலையில் கைபேசியைத் திறந்தால் முப்பது பூக்கள் விழுகின்றன. ரோஜா, தாமரை, பெயர் தெரியாத ஏதோ ஒரு வெளிநாட்டு மஞ்சள். ஒவ்வொரு பூவின் மேலும் ஒரு வாசகம். வாழ்க்கை என்பது இன்னது, மனிதன் என்பவன் இன்னவன், விழுந்தால் எழு, எழுந்தால் நட. பல் துலக்கி முடிப்பதற்குள் நான் ஐந்து முறை திருந்திவிடுகிறேன். உறவினர் குழு, பள்ளிக்கூடக் குழு, ஆரணி பட்டு வியாபாரிகள் குழு (இதில் என்னை யார் சேர்த்தார்கள் என்று இன்றுவரை தெரியாது), எல்லாவற்றிலும் அதே வாசகங்கள் சட்டை மாற்றிக்கொண்டு வருகின்றன. யார் சொன்னது என்று யாரும் கேட்பதில்லை.

எனக்கு மட்டும் அந்தக் கேள்வி போகமாட்டேன் என்கிறது. ஒவ்வொரு வாசகமும் முதன்முதலில் யாரோ ஒருவருடைய வாயிலிருந்து விழுந்திருக்கும். ஏதோ ஒரு சமையல்கட்டில், ஏதோ ஒரு குழாயடியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொல்லியிருப்பார்கள். பூ பிறகு வந்ததுதான்.

எனக்கு இது தெரியும், ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் இந்தத் தொழிலில் இருந்தவன். நான் பூ வைக்கவில்லை, அவ்வளவுதான். அரிசி விலைக்கு மேலே எழுதினேன்.

இதை எழுதப்போகிறேன் என்று போன வாரம் அண்ணியிடம் போய்ச் சொன்னேன். கேட்காமல் எழுதினால் என்ன ஆகும் என்பது எனக்கு ஏற்கெனவே தெரிந்த பாடம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “எழுது. பேரு மட்டும் வேணாம். ஊருல பாதிப் பேரு அவங்கவங்க அண்ணின்னு நெனச்சிக்கட்டும். மீதிப் பேரு எப்பிடியும் படிக்க மாட்டாங்க” என்றார்.

அரிசி விலைக்கு மேலே எழுதிய அந்தக் காலத்தில் எனக்கு இருபத்து மூன்று வயது. பட்டப்படிப்பு முடிந்து, கையில் சான்றிதழும் காலில் பரபரப்புமாக ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்பா அம்மா இல்லாத வீடு எங்களுடையது. அண்ணன், அண்ணி, நான், அப்புறம் தறி. தறியையும் ஒரு ஆளாகக் கணக்கில் சேர்த்தால்தான் சரியாக வரும், ஏனென்றால் வீட்டில் அதிகம் பேசியது அதுதான். குழித்தறி. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் இருட்டும்வரை டக்கு டக்கு டக்கு. அண்ணன் அதன் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்துவிட்டால், இடுப்புக்கு மேலேதான் எங்களுக்குச் சொந்தம். அந்தப் பாதியும் பேசாது.

அண்ணி படவேட்டுப் பக்கத்துப் பெண். எங்கள் உறவிலேயே நிலம் நீச்சு என்று இருந்த வீடு. பட்டு நூலைத் தொட்டுப் பழகியவர் இல்லை. வந்த ஒரே மாதத்தில், சேலையில் குறுக்கே ஓடுகிற ஊடைக்கான நூலைச் சின்னச் சின்னக் குழல்களில் சுற்றக் கற்றுக்கொண்டார். எங்கள் தெருவில் அதைத் தார் சுற்றுவது என்போம். ராட்டையை ஒரு கை சுற்றும், நூலை ஒரு கை பிடிக்கும், வாய் சும்மா இருக்கும். அந்த வாய்க்கு வேலை கொடுக்க வீட்டில் ஆள் நான்தான். என்னைவிட மூன்று வயது பெரியவர். ஆனால் மனிதர்களைப் பார்த்த கணக்கில் முப்பது வயது பெரியவர்.

படித்த வேலை ஒன்றும் கிடைக்காமல், கடைசியில் பேருந்து நிலையம் போகிற வழியில் ஓர் அரிசி மண்டியில் கணக்கெழுத உட்கார்ந்தேன். ஆலைகளில் நெல் அவிக்கிற வாசனை காலையில் அந்தச் சாலை முழுக்கப் படுத்திருக்கும். மண்டி வாசலில் ஒரு கரும்பலகை. எட்டு மணிக்குள் அதில் அன்றைய விலையை எழுதிவிட வேண்டும். பொன்னி புழுங்கல், பச்சை, இட்லி அரிசி, நொய், தவிடு. விலைக்கு மேலே ஒரு நல்ல வாசகம் எழுதுகிற வழக்கத்தை எனக்கு முன்னால் இருந்தவர் வைத்துவிட்டுப் போயிருந்தார். நாள்காட்டித் தாளின் அடியில் ஒரு வரி போட்டிருப்பார்களே, அதுதான். ‘உழைப்பே உயர்வு’ என்கிற வகை. அதை யாரும் படித்ததாக எனக்கு நினைவில்லை. மேலே உயர்வு, கீழே தவிடு. எல்லாருக்கும் கண் தவிட்டில்தான்.

ஒரு நாள் முதலாளி அன்றைய நாள்காட்டித் தாளில் மசால்வடையைப் பிழிந்து எண்ணெயெடுத்து, சுருட்டி வெளியே எறிந்துவிட்டார். மணி எட்டு. சாக்கட்டியோடு பலகைக்கு முன்னால் நின்றேன். அன்று காலை வீட்டில் நடந்தது நினைவுக்கு வந்தது.

பக்கத்து வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை. அண்ணி சட்னி அரைத்துக்கொண்டிருந்தவர், பாதியில் மிக்சியை நிறுத்திவிட்டுச் சுவரோரமாக நின்றார். தறிக்குழியிலிருந்து அண்ணன், “சட்னி ஆவலியா?” என்றார். அண்ணி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். “பக்கத்து வூட்டுல சண்டன்னா நம்ம வூட்டுல மிக்சி ஓடாது தம்பி.”

அதை எழுதினேன். செந்தமிழில் கொஞ்சம் வேட்டி கட்டிவிட்டு எழுதினேன்: ‘அடுத்த வீட்டில் சண்டை நடக்கும்போது நம் வீட்டில் மிக்சி ஓடாது.’

பத்து மணிக்குள் பலகைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். தவிடு வாங்க வந்தவர் தவிட்டை மறந்துவிட்டுச் சிரித்தார். ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். முதலாளி பல் குத்திக்கொண்டே வெளியே வந்து பார்த்தார்.

“இன்னாடா இது, மிக்சி கிக்சின்னு? யாரு சொன்னது?”

“ஒருத்தர் சொன்னாருங்க மொதலாளி.”

“யாரு சொன்னதுன்னு கீழ போடு. பேரு இல்லாம எழுதினா நம்ம கடைக்கு மரியாத இல்ல.”

அண்ணி என்று எப்படிப் போடுவது? ஒரு கோடு இழுத்து, ‘ஓர் அறிஞர்’ என்று போட்டேன். முதலாளிக்கு அது பிடித்துப்போனது. அறிஞர் என்றால் அவருக்கு அரிசி கொஞ்சம் சன்னமாகிவிட்ட மாதிரி.

அதற்கப்புறம் நாள்காட்டிப் பக்கமே நான் திரும்பவில்லை. காலையில் வீட்டில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டுக்கொண்டே காதைத் தீட்டுவேன். அண்ணி என்னவோ தன் பாட்டுக்குத்தான் பேசுவார். அடுத்த தெருப் பெண்மணி ஒருவர் ஏதோ மனஸ்தாபத்துக்குப் பிறகு வந்துவிட்டுப் போனதும் சொன்னார்: “‘நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல’ன்னு சொல்றாங்க பாரு, எடுத்து மடிச்சி பொட்டியில வெச்சிட்டாங்கன்னு அர்த்தம்.” அண்ணன் ஏதோ கோபத்தில் சாப்பாடு வேண்டாம் என்று போய்ப் படுத்த அன்று சொன்னார்: “இன்னா கொழம்புன்னு மோந்து பாத்துட்டுதான் வேணாம்னாரு. வத்தக்கொழம்பா இருந்தா கோவம் நாளைக்கி வந்திருக்கும்.” புத்தி சொல்ல வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்த ஒரு தூரத்து உறவைப் பற்றி: “அவருக்கு நம்ம மேல அக்கறதான். அக்கறைய எறக்கி வெக்க அவுரு வூட்டுல எடம் இல்ல.”

எல்லாம் பலகைக்குப் போனது. அறிஞருக்கு ஊரில் பெயர் ஏறியது. அரிசி தேவைப்படாதவர்கள்கூட மண்டிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அந்தப் பலகைக்கு முன்னால் நின்று நான் படித்தது ஒன்று உண்டு. எந்த வரியானாலும் படிக்கிறவர் அதில் இன்னொருவரைப் பார்க்கிறார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் தினமும் படித்துவிட்டு, “எங்க எட்மாஸ்டருக்குன்னே எழுதுன மாதிரி கீதுபா” என்பார். மருந்துக்கடைக்காரர் தன் தம்பி என்பார். மருந்துக்கடைக்காரரின் தம்பியும் வருவார், தனியாக, படித்துவிட்டு, “எங்கண்ணன் பாத்தாரா இத?” என்று கேட்பார். இத்தனை மாதத்தில் ஒரு ஆள்கூட, ஐயோ இது நான்தான் என்று முகம் மாறி நான் பார்த்ததில்லை. வாசகங்களெல்லாம் வழியனுப்பி வைக்கிற கடிதங்கள். கையில் வாங்கினவுடனே அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

அண்ணிக்கு விஷயம் தெரிந்தது வேடிக்கையாகத்தான். எதிர் வீட்டு அம்மா ஒரு நாள் வாசலில் நின்று, கையை ஆட்டி ஆட்டி அண்ணிக்கே புத்தி சொன்னார். “தப்பா எடுத்துக்கலன்னு சொன்னா மடிச்சி வெச்சிட்டாங்கன்னு அர்த்தமாம்மே. அறிஞருங்க சும்மாவா சொல்லிக்கிறாங்க? கொஞ்சம் சூதானமா இரு.”

நான் உள்ளே போகலாமா தெருவுக்கு ஓடலாமா என்று நின்றேன். எதிர் வீட்டு அம்மா போனதும் அண்ணி என் பக்கம் திரும்பினார். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“அறிஞரு இன்னிக்கி ரசம் வெக்கணும். புளி கரைக்கணும். வழிய வுடு.”

கோபம் இல்லை. உள்ளுக்குள் கொஞ்சம் மகிழ்ச்சிகூட. ஆனால் அன்றிலிருந்து ஒரு சின்ன மாற்றம். ஏதாவது சொல்லிவிட்டு அரைக்கணம் நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பார். நான் மனப்பாடம் செய்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு ராட்டையைத் தொடர்ந்து சுற்றுவார். அந்த அரைக்கணத்தை நான் அப்போது பாராட்டு கேட்பதாக எடுத்துக்கொண்டேன். ‘இது வெளியே போகலாமா’ என்று அவர் யோசித்த நேரம் அது என்பது எனக்கு உறைக்கவில்லை.

அந்த வருடம் ஆடியில் அண்ணியின் அப்பா வரப்பில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். அண்ணி ஊருக்குப் போய் பதினைந்து நாள் கூட இருந்து பார்த்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரும்பி வந்தார். முகமெல்லாம் புழுதி. கையில் ஒரு பை, பையில் கத்திரிக்காய். வீட்டுக்குள் நுழைகிறார். தறி ஓடிக்கொண்டிருக்கிறது. அண்ணன் தலையைத் தூக்கவில்லை. ஜரிகை வைத்து நெய்கிற இடம், கண்ணை எடுத்தால் பிசகும். காலடிச் சத்தத்தை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டு சொன்னார்:

“காபி.”

அண்ணி பையைக் கீழே வைத்தார். அடுப்பைப் பற்ற வைத்தார். காபியைக் கொண்டுபோய்த் தறியோரமாக வைத்தார். பிறகு பின்கட்டுக்கு வந்து குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். நான் துவைகல்லின் மேல் உட்கார்ந்து ஏதோ படித்துக்கொண்டிருந்தேன். கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு எனக்கா, குழாய்க்கா என்று தெரியாமல் சொன்னார்:

“மூணு வருசமாச்சி. அவுருக்கு நான் ஆளு இல்ல தம்பி. காபி வர்ற தெச. அவ்ளோதான்.”

எழுதுகிறவனின் புத்தி எவ்வளவு கேவலமானது என்று எனக்கு அந்தக் கணத்தில் தெரியவில்லை, இப்போது தெரிகிறது. அவர் கண்ணைப் பார்க்க வேண்டிய நேரத்தில் நான் அந்த வரியைப் பார்த்தேன். காபி வருகிற திசை. என்ன ஒரு வரி. கிழக்கு, மேற்கு, மனைவி. என் உடம்பெல்லாம் பூரித்துப்போனது. அந்த அரைக்கண நிறுத்தம் அன்று இல்லை என்பதையும் நான் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை எழுதினேன்: ‘கணவனுக்கு மனைவி, காபி வருகிற திசை. — ஓர் அறிஞர்.’

மண்டி அன்று கல்யாண வீடுபோல ஆகிவிட்டது. ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் ஆண்களைவிட அதிகமாகச் சிரித்தார்கள், ஆனால் வேறு மாதிரி. வாத்தியார் எட்மாஸ்டரை நினைத்துச் சிரித்தார். மருந்துக்கடைக்காரர் தம்பியை நினைத்துச் சிரித்தார். முதலாளி மட்டும், “நம்மூட்ல டீதான்” என்று தன்னை விடுவித்துக்கொண்டார்.

பதினொரு மணி இருக்கும். நெய்து முடித்த சேலையை வெள்ளைத் துணியில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு அண்ணன் அந்த வழியாக வந்தார். சேலையை வியாபாரியிடம் கொடுக்கப் போகிறார். கூட்டத்தைப் பார்த்து நின்றார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் அவர், உதடு அசையும். ஒரு முறை அசைந்தது. கொஞ்சம் நின்று, இன்னொரு முறை அசைந்தது. பிறகு அவர் முகம் போனது. அப்படித்தான் சொல்ல வேண்டும். முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை.

இத்தனை மாதத்தில் அந்தப் பலகையைப் படித்துவிட்டு ‘இது நான்’ என்று நினைத்த ஒரே மனிதர் என் அண்ணன்தான்.

சேலையை இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டு நடந்து போய்விட்டார். நான் ஓடிப்போய் அழித்திருக்கலாம். ஈரத்துணி என் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அப்போது இன்னும் இரண்டு பேர் பலகையைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்கள். அழிக்கவில்லை. சாயங்காலம்வரை அந்த வரி அப்படியே இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று மாலை அண்ணி காபியைக் கொண்டுபோய்த் தறியோரம் வைத்தபோது அண்ணன், “வேணாம்” என்றார். மறுநாள் காலையும் வேணாம். அதற்கு மறுநாளும். தெருமுனைக் கடைக்குப் போய் நின்றுகொண்டே டீ குடித்துவிட்டு வந்தார். எங்கள் தெருவில் வீட்டில் பெண்டாட்டி இருக்கிற ஆண் காலையில் முனைக்கடையில் டீ குடித்தால், அது செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்த மாதிரி. எதிர் வீட்டு அம்மாவுக்கு அது போதும். பலகை விஷயத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்து அண்ணியிடம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார்.

அவர் போனதும் அண்ணி ராட்டையை நிறுத்தினார்.

“நான் சொன்னதா அது?”

“ஆமாங்க அண்ணி.”

“நான் சிரிச்சிகினா சொன்னேன்?”

நான் தட்டிலிருந்த குழல்களைப் பார்த்தேன்.

“நான் சிரிச்சிகினா தம்பி சொன்னேன்?”

அப்போதைக்கு அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. அடுத்து வந்த வாரங்களில் அண்ணி வேலை செய்தார். சமைத்தார், தார் சுற்றினார், கோலம் போட்டார். வாயை மட்டும் திறக்கவில்லை. எதிர் வீட்டு அம்மாவுக்குத் தலையாட்டல். எனக்கு அதுவும் இல்லை. புருஷன் தன்னை வெறுத்துவிட்டார், தன் வாய்தான் காரணம் என்று அவர் முடிவு கட்டிவிட்டது அவர் நடக்கிற நடையிலேயே தெரிந்தது. இத்தனைக்கும் அந்த வீட்டில் அவருக்கென்று இருந்தது அந்த வாய் ஒன்றுதான். நகை இல்லை, நட்பு இல்லை, பிறந்த வீடு பக்கத்தில் இல்லை. அதை நான் எடுத்து அரிசி விலைக்கு மேலே வைத்துவிட்டேன்.

வீட்டில் டக்கு டக்கு டக்கு. அதற்கு நடுவில் எதுவும் இல்லை.

சரிசெய்ய நினைத்தேன். எழுதிக் கெடுத்ததை எழுதியே சரிசெய்துவிடலாம் என்று நினைப்பது எழுதுகிறவர்களுக்கே உள்ள வியாதி. ஒரு காலையில் வழக்கமான வாசகத்துக்குப் பதிலாகப் பெரிய எழுத்தில் எழுதினேன்: ‘முன்பு இங்கே எழுதியது தவறு. வருந்துகிறேன்.’ கீழே வழக்கம்போல விலை.

அரை மணி நேரத்தில் மண்டிக்குள் நுழைய முடியவில்லை. எந்த அரிசிக்கு விலை தப்பு, எத்தனை நாளாகத் தப்பு, வாங்கினவங்களுக்கு இன்னா பதில் என்று ஒரே சத்தம். போன வாரம் இரண்டு மூட்டை வாங்கின ஓட்டல்காரர் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார். தவிட்டுக்காரர், “எனக்கு அப்பவே டவுட்டு” என்றார். முதலாளி எல்லாரிடமும் சத்தியம் செய்து அனுப்பிவிட்டு, ஈரத்துணியை என் கையில் திணித்தார்.

“ஜல்தி அழி. பேஜாரு புடிச்ச பையன். இன்னி மேல அறிஞரும் வேணாம் கிறிஞரும் வேணாம். வெல மட்டும் எழுது, போதும்.”

பலகை நிம்மதியானது. எனக்குத்தான் வழி தெரியவில்லை. அன்று மண்டி மூடியதும் வீட்டுக்குப் போய் நேராகத் தறியிடம் போனேன். அண்ணன் குழிக்குள் இறங்கி, மிதிக்கிற கட்டையில் அறுந்த கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். தலை மட்டும் தெரிந்தது. தரைமட்டத்தில் இருந்த அந்தத் தலையைப் பார்த்துப் பேசுவது எனக்கு வசதியாக இருந்தது.

“ணா, அந்த பலகையில எழுதனது நான்தாங்ணா.”

“தெரியும்.”

“சொன்னது அண்ணி. ஆனா அவங்க என்னமோ வேதனையில…”

“அதுவும் தெரியும். உனக்கு அப்பிடி எல்லாம் வராது.”

கயிற்றை இழுத்துப் பார்த்தார். முடிச்சு நழுவியது. மறுபடி கட்டினார்.

“அண்ணி நீங்க கோவமா கீறீங்கன்னு நெனச்சிகினு கீறாங்கணா. வாயே தெறக்கறதில்ல.”

“கோவமா?” நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் உண்மையான ஆச்சரியம். “எனக்கு இன்னாடா கோவம்? அவ சொன்னது சரிதான? அவ அப்பன் கால ஒடச்சிகினு படுத்துகினு கீறாரு. பதினஞ்சி நாளு கழிச்சி வர்றா. நான் காபின்னேன். எப்பிடி கீறாருன்னு ஒரு வார்த்த கேக்கல.” கயிற்றின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்தார். “அப்புறம் எந்த மூஞ்சியோட அந்த டம்ளர வாங்கறது? ஒரு மாதிரியா இருந்திச்சி. அதான் முனைக்கடைக்கி போறேன்.”

“இத அவங்ககிட்ட சொல்லுங்கணா.”

“இன்னான்னு சொல்றது?”

நான் தலையைச் சொறிந்தேன்.

“நீதான எழுதறவன். ஒரு வரி சொல்லு. எதுனா நல்லதா. நான் மனப்பாடம் பண்ணிகினு போயி சொல்லிட்றேன்.”

கேலியாகக் கேட்கவில்லை. குழிக்குள்ளிருந்து என்னை நிமிர்ந்து பார்த்து நிஜமாகவே கேட்டார். வாழ்க்கையில் அண்ணன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அன்று ஒரு வரி கேட்டார். எனக்குத் தெரிந்த வரிகளையெல்லாம் புரட்டிப் பார்த்தேன். நாள்காட்டி வரிகள், புத்தக வரிகள், நானே சொந்தமாகச் செய்து டைரியில் பூட்டி வைத்திருந்த வரிகள். ஒன்றுகூட உதவவில்லை. என்னிடம் இருந்த நல்ல வரிகள் எல்லாமே அண்ணியுடையவை.

“வரலணா.”

“ம்” என்றார். கயிற்றுக்குத் திரும்பிவிட்டார்.

இரண்டு மூன்று நாள் அப்படியே போனது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மண்டிக்கு வார விடுமுறை, நான் முன்னறையில் படுத்திருந்தேன். மத்தியானம் மூன்று மணி. அண்ணி தார் சுற்றிய குழல்களைத் தட்டில் எடுத்துக்கொண்டுபோய்த் தறியோரம் வைத்துவிட்டுத் திரும்பினார். அப்போது தறி நின்றது.

நூல் அறுந்தால் நிற்கும், முடிச்சுப் போட்டதும் ஓடும். நான் அதற்காகக் காத்திருந்தேன். ஓடவில்லை.

“உங்க அப்பாவுக்கு” என்றார் அண்ணன். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “கால் எப்பிடி கீது?”

விழுந்து ஒன்றரை மாதம் கழித்துக் கேட்கிற கேள்வி. மாவுக்கட்டே பிரித்திருப்பார்கள். அண்ணி திரும்பவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்லப்போகிறார், அண்ணனைக் கூறுபோடுகிற ஒரு வரி வரப்போகிறது என்று நான் பயந்தேன். சொல்லத் தெரிந்தவர்தான். சொல்ல உரிமையும் இருந்தது.

“ரெண்டு எடத்துல முறிஞ்சிது” என்றார். “ஒண்ணுன்னுதான் மொதல்ல சொன்னாங்க.”

“ரெண்டா?”

“ம். முட்டிக்கு கீழ ஒண்ணு.”

“யாரு தூக்கிகினு போனா?”

தெளிவாக என் காதில் விழுந்தது அவ்வளவுதான். அண்ணி தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்தது நிலைப்படி வழியாகத் தெரிந்தது. பிறகு அவர் குரல் தாழ்ந்து, நின்று, மறுபடி வந்து, இழுத்துக்கொண்டே போனது. அந்தப் பதினைந்து நாளையும் ஒரு நாள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். அதில் நயமும் இல்லை, சுருக்கமும் இல்லை. நடு நடுவே அண்ணன், “அப்புறம்?” என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார், வேறு எதுவும் அவருக்குத் தெரியாது. எனக்கு எழுந்துபோய் நிலைப்படியில் நிற்க வேண்டும் என்று கால் துடித்தது. போகவில்லை. தலையணையை எடுத்துக் காதின் மேல் வைத்துக்கொண்டேன்.

பகலில் எங்கள் தெருவில் ஒரு தறி முக்கால் மணி நேரம் சும்மா இருந்தால், வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். எதிர் வீட்டு அம்மா கையைக்கூடத் துடைக்காமல் வாசலுக்கு வந்துவிட்டார்.

“இன்னாபா, சத்தத்த காணோம்? யாருக்கு இன்னா?”

“ஒண்ணும் இல்லீங்க. பேசிகினு கீறாங்க.”

“யாரு?”

“அண்ணனும் அண்ணியும்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கழுத்தை நீட்டி உள்ளே எட்டிப் பார்க்க முயன்றார். நான் எழுந்துபோய்க் கதவை மறைத்துக்கொண்டு நின்றேன்.

“பகல்லியா?” என்றார். நம்பாமலே போனார்.

காற்று மாறியது. தெருவில் புழுதி எழும்பி, வாசல் கதவு ஒரு முறை அடித்துக்கொண்டது. உள்ளேயிருந்து அண்ணியின் குரல் உயர்ந்து வந்தது. அத்தனை நாளுக்கு அப்புறம், என் பக்கமாக.

“தம்பி, மழ வர்ற மாதிரி கீது. மாடில துணி காயிது, எடுத்துகினு வா.”

நான் படியேறினேன். இரண்டு இரண்டு படியாகத் தாண்டி ஏறியது நினைவிருக்கிறது. தூரத்தில் ஜவ்வாது மலைப் பக்கம் கறுத்திருந்தது. கொடியில் அண்ணனின் வேட்டி, அண்ணியின் இரண்டு புடவைகள், என்னுடைய சட்டைகள். ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டுக்கொண்டேன். முதல் துளி கையில் விழுந்தது. பாதி காய்ந்த அந்தத் துணிகளில் சோப்பு வாசனையும் வெயில் வாசனையும் இருந்தன. கீழே தறி இன்னும் ஆரம்பிக்கவில்லை. எல்லாவற்றையும் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, நனையாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே என்று அவசர அவசரமாக இறங்கினேன்.